ஃபவுன்டன்ஸ் மடாலயம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

லீட்ஸில் வேலை பார்க்கிறேன். கோடைக்கு அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, இடிந்து கிடக்கும் பழைய கிறிஸ்தவ மடமான ஃபவுன்டன்ஸ் மடாலயத்துக்கும் பக்கத்திலிருக்கும் ஸ்டட்லி ராயல் தோட்டத்துக்கும் போய்வந்தோம்.

உள்ளே நுழைந்ததுமே அப்பா ஆரம்பித்துவிட்டார். “கூரையே இல்லாத கட்டடத்துக்கு இவ்வளவு டிக்கெட்டா? இத்தனை பேர் வந்து பணம் கொடுக்கிறார்களே, எடுத்துக் கட்டக் கூடாதா?” அம்மா, பலிபீடம் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சுற்றிலும் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஜனங்கள் விரிப்பு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “சாமி இருந்த இடத்துல உக்காந்து திங்கலாமா” என்று எங்களை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார். எனக்கோ மனசு அப்படியே அடங்கிவிட்டது. அந்தத் துறவிகளின் அமைதி எண்ணூறு வருஷமாக அங்கேயே தங்கியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

தோட்டத்தை உருவாக்கியவர் ஊழலில் மாட்டிய மந்திரி என்று படித்ததும் கொஞ்சம் கசந்தது. ஒரு மடத்தின் இடிபாட்டைப் பணக்காரர்கள் தங்கள் தோட்டத்துக்கு அலங்காரமாக ஆக்கிக்கொண்டது சரியா? நீங்களும் அங்கே போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். அடுத்து எங்கே கூட்டிப்போகலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ச., லீட்ஸ்

*

அன்புள்ள ச.,

கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் அப்பாவுடையதுதான் நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கூரை தானாக விழவில்லை. 1536-லிருந்து 1540-க்குள் ராஜா எட்டாம் ஹென்றி இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க எண்ணூறு மடங்கள் வரை மூடினார். ஃபவுன்டன்ஸின் முறை 1539 நவம்பரில் வந்தது. மடாதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், துறவிகளுக்கு ஓய்வூதியம் பேசி அனுப்பிவைத்தார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் வசூல்தான். கூரையின் மேல் வேய்ந்திருந்த ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அதை உரித்து உருக்கினார்கள். மணிகள் போயின, கண்ணாடி போனது. ஈயம் போன கூரை யார்க்‌ஷயர் மழைக்கு எத்தனை நாள் தாங்கும்? 1540-ல் சொத்து முழுவதும் ரிச்சர்ட் கிரெஷாம் என்ற லண்டன் வணிகருக்கு விற்கப்பட்டது. மேற்கு வாசல் பக்கமாக வந்திருந்தால் ஃபவுன்டன்ஸ் ஹால் என்ற மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். 1600-ஐ ஒட்டி ஸ்டீஃபன் பிராக்டர் என்பவர் கட்டியது. அதன் சுவரில் மடத்துக் கல் நிறைய இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு அது அன்று கல்குவாரி மாதிரிதான்.

எடுத்துக் கட்டக் கூடாதா என்றால், கட்டலாம். ஆனால் யாருக்காக? அங்கே வாழ்ந்த கூட்டம் 1539-லேயே கலைந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த இடிபாடு இடிபாடாகவே புதிய வேலை ஒன்றுக்கு அமர்த்தப்பட்டது. 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது என்ன பெயரில் சேர்த்தார்கள் தெரியுமா? ‘ஸ்டட்லி ராயல் பூங்கா, ஃபவுன்டன்ஸ் மடாலய இடிபாடுகள் உட்பட.’ பூங்காதான் முதலில் வருகிறது. மடம் ‘உட்பட’வில் வருகிறது. இன்று கூரை போட்டால், காப்பாற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கும் பொருளையே அழித்ததாக ஆகிவிடும். அப்பாவுக்கு இது திருப்தி தராது என்று எனக்குத் தெரியும். டிக்கெட் விலையைப் பற்றி நான் அவர் கட்சி.

இப்போது உங்கள் அமைதிக்கு வருகிறேன். அது உண்மையான அனுபவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் துறவிகள் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்த மடமே ஒரு சண்டையில் பிறந்தது. யார்க் நகரத்து புனித மரியாள் மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது, பழைய விதிப்படி வாழ வேண்டும் என்று சிலர் குரல் எழுப்பினார்கள். கைகலப்பு வரை போனது. யார்க் பேராயர் தர்ஸ்டன் 13 துறவிகளைத் தன் பாதுகாப்பில் வெளியே கூட்டிவந்து, 1132 கடைசியில் ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்த இடத்தைக் கொடுத்தார். முள்ளும் பாறையுமான இடம். முதல் குளிர்காலத்தை மரத்தடியில் கழித்தார்கள். பிரான்ஸில் கிளேர்வோ மடத்தில் இருந்த புனித பெர்னார்டுக்கு எழுதி, கண்டிப்புக்குப் பேர்போன சிஸ்டர்சியன் துறவிச் சபையில் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஒரு மூத்த துறவி வந்து எப்படிக் கட்ட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஓரளவு நிமிர்ந்த நேரத்தில், 1147-ல், யார்க் பேராயர் நியமனத் தகராறில் எதிர்க்கட்சிக் கும்பல் வந்து மடத்தைக் கொளுத்தியது. திரும்பக் கட்டினார்கள்.

கட்டி எழுப்பியபின் அது பெரிய தொழிலிடம். வழிபாட்டில் பாடும் துறவிகள் ஒருபுறம், உடலுழைப்புக்கென்றே சேர்த்துக்கொள்ளப்பட்ட எழுத்தறிவில்லாத பொதுநிலைச் சகோதரர்கள் மறுபுறம். ஆட்டு ரோமம்தான் பிரதான வரும்படி. இத்தாலிய வணிகர்களுக்குச் சில வருஷங்களின் ரோமத்தை முன்கூட்டியே விற்று அட்வான்ஸ் வாங்குவார்கள். ஆட்டுக்கு நோய் வந்தால் அட்வான்ஸ் கடனாகிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அப்படித்தான் கழுத்துவரை கடனில் இருந்தார்கள். அது தவிர ஈயச் சுரங்கம், கல்குவாரி, குதிரை வளர்ப்பு. மேற்கே தொலைவில் ஒரு மலைக்கு இன்றும் ஃபவுன்டன்ஸ் ஃபெல் என்றுதான் பெயர். அதுவரை அவர்களுடைய மேய்ச்சல் நிலம். உள்ளேயிருப்பவர்கள் பேசாவிரதம் காத்தார்கள், சாப்பிடும்போது கைச்சைகை செய்தார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் வளாகத்தில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது, தோல் பதப்படுத்தினார்கள், ரோமம் தரம் பிரித்தார்கள். பின்னிரவு இரண்டு மணிவாக்கில் மணியடித்து எழுப்பிவிடுவார்கள். நீங்கள் கேட்ட நிசப்தத்தை எந்தத் துறவியும் அங்கே கேட்டிருக்க மாட்டார்.

அந்த நீண்ட கீழ்த்தளக் கூடம் நினைவிருக்கிறதா? நடுவில் ஒற்றை வரிசைத் தூண்கள், ஒவ்வொரு தூணிலிருந்தும் பனை மட்டை விரிவதுபோல் கல் விலாக்கள் கூரைக்கு ஏறும். 90 மீட்டருக்கு மேல் நீளம். எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். துறவிகள் காலத்தில் அந்தக் காட்சியே கிடையாது. குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து, ஒரு பகுதி கிடங்கு, ஒரு பகுதி சகோதரர்களின் உணவறை, மேல்மாடி முழுவதும் அவர்கள் படுக்கை. தடுப்புகள் போனபிறகுதான் நாம் வியக்கும் அந்த நீளம் வந்தது. அதேபோல, அம்மா செருப்பைக் கழற்றிய இடத்தைச் சுற்றியிருக்கும் வெட்டிச் சீராக்கிய புல்தரை. அதுவும் துறவிகளுடையதல்ல. 1767-ல் நீங்கள் சொன்ன மந்திரியின் மகன் வில்லியம் ஐஸ்லபி இடிபாட்டை விலைக்கு வாங்கி, கல்குவியலை அப்புறப்படுத்தி, புல் போட்டு, பார்வைக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தினார். சில வருஷம் கழித்து வந்து பார்த்த வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், இடிபாட்டை இப்படித் துடைத்துவைத்தால் அதன் அழகே போய்விடுகிறது என்று சலித்துக்கொண்டார். ‘அந்தக் காலத்து மாதிரி இல்லை’ என்ற புலம்பல் அப்போதே தொடங்கிவிட்டது.

ஆக, உங்கள் மனசை அடக்கிய அந்த அமைதி பதினெட்டாம் நூற்றாண்டில் திட்டம் போட்டுச் செய்யப்பட்டது. செய்தது அந்த ஊழல் மந்திரியின் குடும்பம். உங்களுக்குக் கசப்பாக இருக்கும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கசப்பில்லை.

ஜான் ஐஸ்லபி பிரிட்டனின் நிதியமைச்சர். 1720-ல் சவுத் சீ கம்பெனிப் பங்கு விலை ஏறி வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் சொத்தை இழந்தார்கள். அரசின் கடனை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் திட்டத்தை நாடாளுமன்றத்தில் தள்ளிவிட்டவர் அவர். தானும் பங்கு வாங்கிக் கொழித்திருந்தார். 1721-ல் குற்றவாளி என்று தீர்மானித்து, சபையை விட்டு வெளியேற்றி, லண்டன் டவரில் அடைத்தார்கள். பொதுப் பதவி இனி வாழ்நாளுக்கும் கிடையாது. வெளியே வந்ததும் ஊருக்குப் போய், ஏற்கெனவே தொடங்கியிருந்த தோட்டத்தில் இறங்கினார். 1742-ல் சாகும்வரை அதுதான் வேலை. பதவி போனால் அடுத்த தேர்தலுக்குள் வேறு கட்சியில் நிற்கும் மந்திரிகளைப் பார்த்த நமக்கு, இருபது வருஷம் குளம் வெட்டி மரம் நட்ட மந்திரி புதுசு. அதற்காக அவர் செய்தது இல்லையென்று ஆகாது, பணம் போனவர்களுக்குக் குளத்தில் பங்கு கிடைக்கவில்லை.

ஆனால் தோட்டம் அசல். அங்கே பூ இல்லை என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார், நிறைய பேர் சொல்வார்கள். அது தண்ணீர், புல், மரம், இந்த மூன்றை மட்டும் வைத்து ஆடிய ஆட்டம். மேலே மடத்தருகே கல்லில் முட்டிச் சலசலக்கும் அதே ஸ்கெல் ஆறு, கீழே வந்ததும் அளவெடுத்த கால்வாயாக அசையாமல் கிடக்கிறது. பக்கத்தில் வட்டமாக ஒரு குளம், அதன் இரண்டு பக்கமும் பிறை வடிவில் இரண்டு. நடுவட்டத்தில் கடல் தெய்வம் நெப்டியூன் சிலை. கரையில் வெள்ளையாக ஒரு சிறு கோயில். தெய்வபக்திக் கோயில் என்று பெயர். முதலில் ஹெர்குலிஸ் கோயில் என்றுதான் வைத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். எந்தச் சாமியும் எப்போதும் அதில் குடியிருந்ததில்லை. மேட்டுப் பாதையில் ‘புகழ்க் கோயில்’ என்று வட்டமாக ஒன்று நிற்கும். அடுத்த முறை போனால் அதன் தூணை விரல் முட்டியால் தட்டிப்பாருங்கள். டொக் டொக் என்று கேட்கும். கல் மாதிரி வண்ணம் பூசிய மரம், உள்ளே வெறும் கூடு. புகழுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் கோயில் கட்டியதில்லை. தெரிந்துதான் செய்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. ஜான் ஐஸ்லபிக்கு மடம் சொந்தமில்லை. பக்கத்து நிலத்துக்காரருடையது, அவர் விற்கவில்லை. ஜான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை மகன் வில்லியம்தான் வாங்கினார். வாங்கியதால் என்ன ஆயிற்று என்றால், கல் வெளியே போவது நின்றது. தன் தோட்டத்தின் கடைசிக் காட்சி என்று நினைப்பவர் அதை வண்டியில் ஏற்றி விற்க மாட்டார் அல்லவா? இங்கிலாந்தில் எத்தனையோ மடங்களுக்கு இன்று புல்லில் ஒரு மேடுகூட மிச்சமில்லை. ஃபவுன்டன்ஸ் இவ்வளவு முழுசாக நிற்பதில் அந்தக் குடும்பத்தின் படாடோபத்துக்குப் பெரிய பங்குண்டு. சரியா என்று கேட்டீர்கள். பக்தியால் நின்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பக்தி இருந்த ராஜாதானே ஈயத்தை உரித்தார்?

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் தவறான வாசலில் நுழைந்திருக்கிறீர்கள். வரவேற்பு மையம் வழியாகப் போனால் பத்து நிமிடத்தில் மடத்தின் முன் நிற்போம். அப்புறம் தோட்டம் வாலாகிவிடும். கீழே மான்கள் திரியும் பூங்கா வழியாக, ஏரிப் பக்கத்திலிருந்து நுழையுங்கள். கால்வாய், பிறைக் குளம் எல்லாம் தாண்டி, பாறைச் சுரங்கம் ஒன்று வரும், வளைவான சுரங்கம், நடுவில் கண் தெரியாது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறி மேட்டுப் பாதையில் நடந்தால் ஆன் போலின் இருக்கை என்ற இடம். மரங்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு திடீரென்று திறக்கும். ஆறு வளைந்து போகும் கோடியில் மடம் முழுசாகத் தெரியும். ஒரு மைல் நடக்கவைத்து, சின்னச் சின்னதாக வேடிக்கை காட்டி, கடைசியில் அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அங்கே தலையில்லாத சிலை ஒன்று இருந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். ஆன் போலின், எட்டாம் ஹென்றி 1536-ல் தலையை வெட்டச்சொன்ன ராணி. மூன்று வருஷம் கழித்து மடத்தின் கூரைக்கும் அதே ஹென்றிதான் கைவைத்தார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டர்சியன் விதிப்படி மடத்து எல்லைக்குள் பெண்கள் நுழையக் கூடாது. அந்தப் பெரிய தேவாலயம் ஊர்மக்களுக்காகக் கட்டியதும் அல்ல. முன்பாதி சகோதரர்களுக்கு, பின்பாதி துறவிகளுக்கு, நடுவில் தடுப்பு. அந்த விதி நடந்தவரை அம்மா செருப்பைக் கழற்றி நின்ற இடத்தில் எந்தப் பெண்ணும் நின்றிருக்க முடியாது. விரிப்பு போட்டுச் சாப்பிடும் குடும்பங்களையும் பிள்ளைகளின் சத்தத்தையும் நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்குத் தயக்கமே வேண்டாம். ஆரம்ப காலத்துத் துறவிகள் கறி தொடாதவர்கள். ரொட்டி, பயறு, காய்கறி. கோடையில் இரண்டு வேளை, குளிர்காலத்தில் ஒரே வேளை. புளியோதரையைக் கண்டால் விதியை மீறியிருப்பார்கள்.

குளிர்காலம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உணவறைக்குப் பக்கத்தில் கணப்பறை என்று ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் கவனிக்காமல் வந்திருப்பீர்கள். அதன் அடுப்பு வாயில் ஒரு ஆள் தாராளமாக உள்ளே நிற்கலாம். மேல் விட்டம் ஒரே கல்லில்லை. பல்லோடு பல் கோத்தமாதிரி செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு எண்ணூறு வருஷமாகத் தட்டையாக நிற்கின்றன. சமையலறையையும் நோயாளிகள் பக்கத்தையும் விட்டால் துறவிகள் குளிர்காய அனுமதி இருந்தது இங்கே மட்டும்தான். ஜூன் வெயிலில் அந்தக் கல்லில் கைவைத்தால் குளிர்ந்துதான் இருக்கும்.

மான் பூங்காவில் நுழைந்தால் டிக்கெட் இல்லாமலே இன்னொன்று பார்க்கலாம், அப்பாவுக்கு உகந்தது. பூங்காவின் மேட்டில் புனித மரியாள் தேவாலயம், வில்லியம் பர்ஜெஸ் என்ற கட்டடக்கலைஞர் 1870-களில் கட்டியது. கட்டவைத்தவர்கள் அன்று ஸ்டட்லி ராயலுக்கு உரிமையாளர்களான ரிப்பன் பிரபுவும் அவர் மனைவியும். மனைவியின் தம்பியை 1870-ல் கிரீஸ் நாட்டில் கொள்ளைக்காரர்கள் பிடித்துவைத்துக் கொன்றுவிட்டார்கள். மீட்கத் திரட்டி, கொடுக்க முடியாமல் போன பணத்தில் எழுந்த கோயில் அது. ஆமாம், நம் ரிப்பன்தான். 1880 முதல் 1884 வரை வைஸ்ராய். உள்ளாட்சிக்கு வழிவிட்ட 1882 தீர்மானத்துக்காகத்தான் சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர். ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று மதராஸில் சொன்ன காலம் உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவரின் வீட்டுத் தோட்டத்தில்தான் நீங்கள் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதில் ஒரு வேடிக்கை, ஆங்கிலிகன் தேவாலயம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில், பாதி எழும்பியபோது, 1874-ல், அவர் கத்தோலிக்கராக மாறிவிட்டார். பெரிய பரபரப்பானது. கத்தோலிக்க மடத்தின் இடிபாடு அவருக்கு அப்போது வெறும் தோட்ட அலங்காரமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தேவாலயம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள், எப்போதும் திறந்திருக்காது.

அடுத்து எங்கே? ரீவோ மடம் இதைவிட அழகு என்று சொல்பவர்கள் உண்டு, அதுவும் 1132-ல் தொடங்கியதுதான். ஆனால் அங்கேயும் கூரை இல்லை, அப்பா மறுபடி ஆரம்பிப்பார். போல்டன் ஆபிக்குக் கூட்டிப்போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அகஸ்டீனிய மடம். மூடும்போது அதன் தலைவர் பேசி, ஊர்க்கோயில் என்ற பெயரில் முன்பகுதியை மட்டும் காப்பாற்றிவிட்டார். அதனால் ஒரே கட்டடத்தில் பாதி இடிபாடு, பாதி கூரையோடு இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். ஞாயிறு காலை போனால் அம்மா உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். வார்ஃப் ஆற்றைக் கடக்கப் படிக்கற்கள் போட்டிருக்கிறார்கள், நல்ல செருப்பு போட்டால் உங்களால் முடியும், பக்கத்திலேயே பாலமும் இருக்கிறது. மேலே காட்டுக்குள் ஸ்ட்ரிட் என்ற இடத்தில் அந்த அகலமான ஆறு சில அடி இடுக்கில் புகுந்து ஓடும். பார்த்தால் தாண்டிவிடலாம் போலிருக்கும். தாண்டப்போய் விழுந்தவர்கள் பிழைத்ததில்லை என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். பாசிப் பாறைக்குப் பக்கத்தில் அப்பாவைப் போட்டோவுக்கு நிற்கவைக்காதீர்கள்.